துணையோடு போ

"அக்கா, யாரு அந்த வாத்தியார்?" என்று தங்கை கேட்டாள். டீன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. விசாரணைக் குழு விவகாரங்களை வெளியாளிடம் பேசக்கூடாது என்பது விதி. தங்கை ஒன்றும் வெளியாள் இல்லை, ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவள். ஆனாலும் விதி விதிதானே.

"யாரா இருந்தா உனக்கென்ன? நாளைக்கு ஒரு வாத்தியார் மேல விசாரணை, சீக்கிரம் கிளம்பணும். அதான் சொன்னேன்."

"திருத்தணும், வீட்டுக்கு வான்னு கூப்பிடுவாரே, அவரா?"

டீனின் கை தட்டிலேயே நின்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ. நானும் அவர்கிட்டதானே ஆராய்ச்சி பண்ணினேன்."

டீனுக்கு அது மறந்துவிடவில்லை. ஆனால் தங்கையின் ஆராய்ச்சி அந்த வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. முடிக்கிற சமயத்தில் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் வந்து உட்கார்ந்தவள் அவள். உறவுக்காரர்கள் கூடினால், "எங்க வீட்டுல ஒண்ணரை டாக்டர்" என்று டீனே சொல்லிச் சிரிப்பார். தங்கையும் கூடவே சிரிப்பாள். அவள் சிரித்ததால் அந்தக் கதையில் சிரிப்புக்குமேல் ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"அப்போ நீ படிப்பை விட்டது..."

"அதை நீ கேட்டதே இல்லையேக்கா. ஒருநாள்கூட." தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "துணையோட போன்னு மட்டும் சொன்ன."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேராசிரியரைப் பற்றித் துறையில் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய படிப்பாளி, மேடையேறினால் கூட்டம் கட்டுண்டு கிடக்கும். ஆய்வு மாணவர்களின் எழுத்தைத் தம் அறையிலேயே வைத்துத் திருத்திவிடுவார். மாணவிகளின் எழுத்தைத் திருத்த மட்டும் அவருக்கு வீடும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். இதைப் புகாராக்கும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. பதிலாக ஒரு வழக்கம் வந்தது. புதிதாகச் சேரும் பெண்ணை யாராவது ஒரு மூத்தவர் ஓரமாகக் கூப்பிட்டு, "அவர் வீட்டுக்குப் போனா துணையோட போ" என்று காதோடு சொல்லிவிடுவார். டீன் அதை வருஷா வருஷம் தவறாமல் சொல்லிவந்தார். சொல்லிவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போவார். தெருவில் திறந்து கிடக்கிற சாக்கடைக் குழியை மூடாமல், போகிற வருகிறவர்களிடமெல்லாம் பார்த்துப் போ என்று சொல்கிற வேலை அது. படித்தவர்கள் அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் விசாரணைக்கு முன்னால் துணைவேந்தர் டீனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நமக்குள்ளேயே பேசி முடிச்சிடுங்க மேடம். பல்கலைக்கழகம் ஒரு குடும்பம் மாதிரி. அவர் ரிட்டயர் ஆகப்போற மனுஷன், போற நேரத்துல முகத்துல கரியைப் பூசணுமா? அந்தப் பொண்ணுக்கு வேற கைடு போட்டுக் கொடுத்துடலாம். கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, அதுக்கும் அதுதான் நல்லது."

குடும்பம் என்று அவர் சொன்னதில் பிழையில்லை. வீட்டில் ஒன்று நடந்துவிட்டால் முதலில் வாயை மூடச் சொல்வது பெண்ணைத்தான்.

விசாரணை அறையில் குறிப்பெழுதுகிறவரைத் தவிர மூன்று பேர். டீன் தலைவர். இன்னொருவர் அதே துறையின் மூத்த ஆசிரியர், குற்றம்சாட்டப்பட்டவரோடு சேர்ந்து புத்தகங்கள் எழுதியவர். மூன்றாமவர் சட்ட ஆலோசகர். பேராசிரியர் பக்கத்து அறையில் மின்விசிறிக்கடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வு மாணவி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். கதவைச் சாத்தியது, கையைப் பிடித்து இழுத்தது, உதறிவிட்டு ஓடிவந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவள் எழுதிய ஆய்வேடு அவர் மேசையிலேயே கிடந்துவிட்டது. அவர் கையெழுத்தில்லாமல் அது எங்கேயும் போகாது. பட்டமும் அதை நம்பியிருந்த வேலையும் அந்த மேசைமேல்தான் கிடந்தன. சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

"இப்படி ஏதாவது நடக்கும்னு உனக்கு முன்னாடியே பயம் இருந்துச்சா?" என்று மூத்த ஆசிரியர் கேட்டார்.

"இருந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் தனியா போன?"

"கூட வர்றேன்னு சொன்ன பொண்ணுக்கு அன்னைக்குக் காய்ச்சல் சார். வரலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"சரி. அவர் அப்படிப்பட்டவர்னு உனக்கு யார் சொன்னா?"

அந்தப் பெண் ஒரே ஒரு தடவை டீனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அந்த அறையில் அவளுக்கு நம்பிக்கையாக இருந்தது அந்த ஒரு முகம்தான்.

"யாரும் சொல்லல சார். பொதுவாப் பேசிக்குவாங்க."

தன்னைக் காப்பாற்றுவார் என்று யாரை நம்பி வந்தாளோ அவரையே, பொய் சொல்லி அந்தப் பெண் காப்பாற்றிவிட்டாள்.

"பொதுப்பேச்சை வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது?" மூத்த ஆசிரியர் குறிப்பெழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "சாட்சி எதுவும் இல்லைன்னு போட்டுக்கங்க."

"போடாதீங்க," என்றார் டீன். "நான்தான் சொன்னேன்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"அவர் வீட்டுக்குத் துணையோட போன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொன்னது நான்தான். இவகிட்ட மட்டுமில்ல, வருஷா வருஷம் வர்ற எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் சொல்றேன். எனக்குத் தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நீங்க சாட்சி ஆயிட்டீங்க மேடம். சாட்சியே குழுவுக்குத் தலைவரா இருக்க முடியாதே."

சட்டப்படி அவர் சொன்னது சரி. டீன் எழுந்து வெளியே வந்தார். தலைவர் நாற்காலியில் மூத்த ஆசிரியர் உட்கார்ந்தார். குற்றம்சாட்டப்பட்டவரோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர் விசாரிக்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

முடிவு சீக்கிரமே வந்தது. பேராசிரியர்மீது குற்றம் நிரூபணமாகவில்லை. மாணவியின் மன அமைதியைக் கருதி அவளுக்கு வேறு நெறியாளர், வேறு தலைப்பு, முதலிலிருந்து புதிய பதிவு. ஆனால் குழு வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒரே ஒரு ஒழுங்கீனத்தை அது கண்டுபிடித்திருந்தது. மூத்த சக ஆசிரியரைப் பற்றி மாணவிகளிடம் அவதூறு பரப்பியதை டீன் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று அது பரிந்துரைத்தது.

மாணவி ஊருக்குக் கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்டு டீன் விடுதி வாசலுக்கு ஓடினார். அவளுடைய அப்பா பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"மறுபடியும் மொதல்ல இருந்து என்னால முடியாது மேடம்," என்றாள் அவள்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"நீங்க நல்லவங்க மேடம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஆனா, துணையோட போன்னு சொன்னதுக்குப் பதிலா, அவர்கிட்ட சேராதேன்னு சொல்லியிருக்கலாம். நான் வேற யார்கிட்டயாவது சேர்ந்திருப்பேன்."

பெட்டிகளை ஏற்றிவிட்டு அப்பா வந்து கைகூப்பினார். "பொண்ணை இத்தனை நாள் பத்திரமாப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்கம்மா." டீனும் கைகூப்பினார். வண்டி போன பிறகும் கூப்பிய கையைப் பிரிக்கத் தோன்றாமல் நின்றார்.

அன்று மாலை தங்கை பள்ளிச் சீருடைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டீன் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நாளைக்கு என்னை விசாரிக்கிறாங்க. யார் யார்கிட்ட சொன்னேன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணுங்க பேரையெல்லாம் சொல்லமாட்டேன்டி. என்ன ஆனாலும் சரி."

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என் பேரைச் சொல்லு. நானும் வர்றேன்."

மறுநாள் துணைவேந்தர் தாமே விசாரித்தார். "இந்த அவதூறை முதல்முதல்ல யார்கிட்ட சொன்னீங்க மேடம்?"

"என் தங்கச்சிகிட்ட. வெளியிலதான் இருக்கா."

அவளை உள்ளே விட்டார்கள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா சொன்னபடி நான் துணையோடதான் போனேன் சார். கூட வந்த பொண்ணை, எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வாம்மான்னு சமையல்கட்டுக்கு அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு."

டீன் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அதை இப்போதுதான் கேட்கிறார்.

"இதெல்லாம் ரொம்பப் பழைய கதைம்மா," என்றார் துணைவேந்தர். "இப்போ இதை விசாரிக்க விதியில இடமில்ல."

"அவரை விசாரிக்கச் சொல்லி நான் வரல சார். எங்கக்கா சொன்னது அவதூறுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? பொய்யா இருந்தாத்தானே அவதூறு? பொய் இல்லைன்னு சொல்ல வந்திருக்கேன். எழுதிக்கச் சொல்லுங்க."

குறிப்பெழுதுகிறவர் துணைவேந்தரின் முகத்தைப் பார்த்தார். பேனா நகரவில்லை. தங்கை நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மெதுவாவே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.