வளையம் உட்காரவில்லை

ஒசாகாவுக்குத் தெற்கே கீ நாட்டுக் கடல் முனையில் கலங்கரை விளக்கம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஷின்பெய்க்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் என்று பேர். பகல் முழுக்க அவர் செய்ததோ அளவு மாற்றும் வேலை. விளக்கத்தைக் கட்டும் வெள்ளைக்காரப் பொறியாளர் லோரிமர் துரையின் வரைபடத்தில் எல்லாம் அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதை ஷாக்குவாகவும், ஷாக்குவைப் பத்தாக்கிச் சுன்னாகவும், சுன்னைப் பத்தாக்கிப் புவாகவும் கல்தச்சர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிக் கேட்பதை அடியாக்கித் துரையிடம் சொல்ல வேண்டும். அடியையும் ஷாக்குவையும் அக்கம்பக்கம் வைத்தால் ஒரே நீளம் போலத்தான் தெரியும். ஷாக்கு கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். பெரிய வித்தியாசமாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஆளைத் தின்றது. சோற்றில் கை வைத்தாலும் அவருக்கு உள்ளே கணக்கு ஓடியது.

ஒசாகாவில் அவர் மனைவி ஓதாகிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக மீன் படகுக்காரன் ஒருவன் வசந்தத்தில் வந்து சொல்லியிருந்தான். இப்போது மழைக்காலமும் முடிந்துவிட்டது. விளக்குக் கூண்டின் அடிவளையம் கல்லில் உட்கார்ந்ததும் ஊருக்குப் போகலாம் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

ஸ்காட்லாந்தில் வார்த்து, கப்பலில் துண்டுகளாக வந்து, மேலே வைத்து முடுக்கிய இரும்பு வளையம் அது. கப்பியில் கயிறு கட்டிக் கோபுரத்தின் தலையில் மெல்ல இறக்கினார்கள். அதற்காகக் கல்லில் வட்டமாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. வளையம் பள்ளத்துக்குள் போகவில்லை, விளிம்பிலேயே நின்றுவிட்டது. துரை நாடாவைப் பிடித்து அளந்தார். பள்ளத்தின் குறுக்களவு சுண்டுவிரல் கனம் குறைவு.

கல்தச்சர்களின் மேஸ்திரி ஹன்ரோகு தன் கோலை எடுத்து அளந்தார். பன்னிரண்டு ஷாக்கு, அதற்கு மேல் ஐந்து பு. ஷின்பெய் சொன்ன அளவேதான். ஷின்பெய் தன் மூங்கில் கோலால் அளந்தார். குறைந்தது.

"மொழிக்காரரே, உங்க கோலு வெயில்ல நீண்டுபோச்சா?" என்றான் ஒரு தச்சன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு கோல்களையும் சேர்த்து வைத்தபோது சிரிப்பு நின்றது. மேஸ்திரியின் கோல் ஒரு நகக் கனம் குட்டை.

"எது சரியான ஷாக்கு?" என்று துரை கேட்டார்.

"ரெண்டும் சரிதான்," என்றார் ஷின்பெய்.

"அதெப்படி ரெண்டும் சரியா இருக்கும்?"

ஒவ்வொரு ஊர்த் தச்சர்களுக்கும் ஒவ்வொரு கோல் வழக்கத்தில் இருந்தது, அரசாங்கம் இன்னும் ஒன்றை நிலைநிறுத்தவில்லை என்று ஷின்பெய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கு மேல் பத்துக் கேள்வி வரும்.

துரை ஹன்ரோகுவைக் கைகாட்டினார். "அந்தக் கிழவனை ஊருக்குப் போகச் சொல்லு."

ஷின்பெய் அதை மொழிபெயர்க்கவில்லை. எந்தக் கோலால் வெட்டுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது தான்தான் என்று துரையிடம் சொன்னார். "அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

நியாயத்துக்காகச் சொன்னாரா, போனால் போதும் என்ற களைப்பில் சொன்னாரா, அவருக்கே தெரியவில்லை.

"உன்னை அனுப்பிட்டு நான் யாரோட பேசறது?" என்று துரை சலித்துக்கொண்டார்.

அந்த விரல் தன்னை நோக்கி நீண்டபோதே ஹன்ரோகுவுக்குப் பாதி புரிந்திருந்தது. "எனக்காக நீங்க யார்கிட்டயும் தலைகுனிய வேணாம்யா. என் கோல்ல தப்பில்ல," என்றார். முகம் சிவந்திருந்தது. நல்லது செய்யப்போய் அவரை அவமானப்படுத்திவிட்டோம் என்று ஷின்பெய்க்கு உறைத்தது.

பிறகு இருவருமே அவரை விடவில்லை. எவ்வளவு வெட்ட வேண்டும், அதை எந்தக் கோலால் சொல்வது என்று இந்தப் பக்கம் மேஸ்திரி. அங்குலத்தில் எவ்வளவு என்று அந்தப் பக்கம் துரை. கடற்காற்றில் இரண்டு குரல்களும் ஒன்றாக வந்து மோதின. ஷின்பெய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அளக்கவே வேணாம்," என்றார் மேஸ்திரியிடம். "வளையம் அது மேலதானே இருக்கு? நடுவுல சரியா நகர்த்தி வச்சு, சுத்தி மையால கோடு போடுங்க. தூக்கிட்டு, கோடு வரைக்கும் வெட்டுங்க." அதையே துரைக்கும் சொன்னார்.

துரை வளையத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தலையசைத்தார். ஹன்ரோகு முனகிக்கொண்டே மைக்கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். கோடு விழுந்து, வளையம் மேலே போய், உளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. துரை குனிந்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஹன்ரோகு அங்கே ஒரு தட்டுத் தட்டுவார். நடுவில் ஷின்பெய்யை யாரும் கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து ஹன்ரோகு தலை நிமிர்ந்தார். கோபம் முழுசாகப் போயிருக்கவில்லை. "இங்க உங்க வாய்க்கு வேலை இல்ல. மத்தியானப் படகு நிக்குது. போயி புள்ளையப் பாருங்க."

இதைத் துரையிடம் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது ஷின்பெய்க்குக் கூச்சமாக இருந்தது. துரை கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், சீக்கிரம் திரும்பி வா என்று மட்டும் சொன்னார்.

படகு கிளம்பியதும் மீன் கூடைகளுக்கு நடுவே சாய்ந்தவர் ஒசாகா வரும்வரை அசையவில்லை. வீட்டில் ஓதாகி குழந்தையை மடியில் போட்டபோது அது அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அழுது ஓய்ந்து அவர் மார்பிலேயே தூங்கிப்போனது. ஊர்க்கதை கேட்க வந்த பக்கத்து வீட்டாரை ஓதாகி வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அவர் முனைக்குத் திரும்பியபோது வளையம் கல்லில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கூண்டின் கண்ணாடிகள் வந்து இறங்கியிருந்தன. ஹன்ரோகு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.