உடம்பு வைத்தவள்

"கட்டைவெரலால அமுக்குப்பா. பயப்படாத, நல்லா அமுக்கு" என்றார் டாக்டர்.

தங்கையன் மனைவியின் கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அமுக்கினான். எடுத்தபோது அங்கே குழி விழுந்திருந்தது. ஈர வரப்பில் மிதித்த தடம் மாதிரி அது அப்படியே கிடந்தது, மேலே எழும்பவில்லை. அம்சம் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"இது சதையா?"

"தெரியலீங்க."

"சதையில்ல, தண்ணி. சோறு இல்லாம வர்ற வீக்கம். எவ்வளவு நாளா இப்படி இருக்கா?"

அந்த வீக்கத்தைத் தங்கையன் பார்த்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பார்த்து, அதற்கு வேறு பெயரும் வைத்திருந்தான்.

ஐப்பசியில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நடந்த தகராறில் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதம் திருச்சி ஜெயில். உள்ளே போனவன் வீட்டுக்குப் பண்ணையில் ஒரு நாள் வேலைகூடக் கிடையாது என்று உத்தரவாகியிருந்தது. அவன் திரும்பி வந்தபோது தை அறுப்பு. விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தது. தெருவிலேயே ஒன்றிரண்டு பேர் விடியுமுன் திருட்டுத்தனமாகப் போய் அறுத்துவிட்டு வருகிறார்கள் என்றும் பேச்சிருந்தது.

அவன் வந்த அன்று அம்சம் குடிசை வாசலில் நின்றாள். கன்னம் உப்பியிருந்தது. முன்பு முழங்கை வரை ஏறி இறங்கும் கண்ணாடி வளையல் மணிக்கட்டில் இறுகியிருந்தது.

"நான் எப்புடி இருக்கேன் பாத்தீங்களா? தெருவே சொல்லுது, அம்சத்துக்கு ஒடம்பு வெச்சிருக்குன்னு."

அவளுக்கு அதில் பெருமை. புருஷன் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று காத்திருந்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் யாருக்கும் உடம்பு வைத்ததில்லை, வைத்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பண்ணை வீட்டு அம்மாவுக்குக் கன்னம் உப்பியிருக்கும். அது சோற்றால் வந்தது. அதனால் உப்பின கன்னமெல்லாம் சோற்றால் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தங்கையனும் அப்படித்தான் நினைத்தான்.

"யாரு வீட்டுச் சோறுடி?" என்று கேட்டான்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. "கொளத்துல கெடக்குற கொட்டிக்கெழங்கும் நத்தையுந்தான் தின்னேன். கெடச்ச அரிசிய புள்ளைக்குக் காய்ச்சி ஊத்துனேன். நான் அறுப்புக்குப் போவலைங்க."

"கெழங்கு தின்னா ஒடம்பு வைக்குமா? யாருக்குடி காது குத்துற?"

அதற்கப்புறம் அவள் கையால் அவன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சங்கக் கொட்டகையில் காய்ச்சும் கஞ்சியைக் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். ஜெயிலுக்குப் போய் வந்தவனின் பெண்டாட்டி பண்ணைக்கு அறுக்கிறாள் என்றால் நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது! வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே உடம்பு வைத்திருந்தது அவனுக்குத்தான். ஜெயிலில் அளந்துதான் போட்டார்கள், ஆனால் வேளை தவறாமல் போட்டார்கள். சேறு மிதிக்கவில்லை, நாற்றுக்கட்டு சுமக்கவில்லை. அவனிடம் யார் வீட்டுச் சோறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று காலை குளத்தில் கிழங்கு பறிக்க இறங்கியவள் கரையேற முடியாமல் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் கொட்டகைக்கு ஓடிவந்து கத்தினாள். மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் தங்கையனை ஏற இறங்கப் பார்த்தார். ரெங்கம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் நீலாம்பாளையும் பார்த்தார்.

"நீ நல்லாத்தானே இருக்க. புள்ளையும் பரவாயில்ல. இவ பங்கு சோத்தை யாரு தின்னது?"

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மனுஷ ஒடம்பும் அடுப்பு மாதிரிதான்யா. வெறகு போடாம எரியச் சொன்னா, கூரையப் புடுங்கி எரிச்சுக்கும். இவ ஒடம்பு இவளயே தின்னுருக்கு. ரத்தத்துல சத்து இல்ல, அதான் தண்ணி வெளிய வந்து தேங்கிடுச்சு. நெஞ்சும் ரொம்பத் தளந்துபோயிருக்கு." டாக்டர் சீட்டில் பால், முட்டை, பருப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

புது ஆட்சி வந்து ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரெல்லாம் பேசிய காலம் அது. பட்டணத்தில் போட்டார்களாம். நெல் விளைகிற ஊரில் தங்கையன் பாலும் முட்டையும் எழுதிய சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஊசி போட்டதும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நல்லதுக்குத்தான் என்று நர்சம்மா சொன்னார். ஒரு பகலுக்குள் கன்னம் வடிந்தது, மறுநாள் கை வடிந்தது. வடிய வடிய உள்ளே இருந்த அம்சம் வெளியே வந்தாள். தோலும் எலும்புமாக, ஜெயிலுக்குப் போகுமுன் அவன் பார்த்ததில் பாதிகூட இல்லை. பதினாறு நாளாக இந்த உடம்பைத்தான் திட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. தப்புத்தான்டி என்று சொல்லிவிட வேண்டும். அவள் கண் திறக்கட்டும் என்று கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் கண் திறந்தாள். கையைச் சிரமப்பட்டுத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். வளையல் நழுவி முழங்கைக்குப் போனது.

"பாருங்க. இப்ப நம்புவீங்கதானே?"

முதலில் கொஞ்சம் குடிக்கட்டும் என்று கஞ்சிக் கரண்டியை அவள் உதட்டில் வைத்தான். கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்தான். மறுபடி ஊட்டினான். அவள் கண் மூடிவிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். காலையில் அவள் இல்லை.

அதே மாட்டுவண்டியை வரவழைத்து உடம்பைக் கொண்டுபோனார்கள். மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டிய பெண்கள் அந்த எலும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். ரெங்கம்மாள் மட்டும் மாரில் அடித்துக்கொண்டாள். "ஒடம்பு வெச்சிருக்குன்னு நானுந்தான சொன்னேன். பாவி, நானுந்தான சொன்னேன்."

வாய்க்கரிசிக்கு அந்தத் தெருவில் அரிசி இல்லை. சங்கத்து ஆள் ஒருவர் எங்கேயோ போய் ஒரு படி வாங்கி வந்தார். முறத்தில் கொட்டியதும் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டார்கள். தங்கையனும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நின்றான்.

நீலாம்பாளை முன்னே தள்ளி, அவள் கையில் ஒரு பிடி வைத்தாள் ரெங்கம்மாள்.

"அம்மா வாயில போடு, கண்ணு."

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தப் பிள்ளை என்ன தின்றது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நீலாம்பாள் அம்மாவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அரிசியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ! துப்புடி, துப்பு! பொணத்துக்கு வெச்ச அரிசிடி அது!"

அவள் துப்பவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மென்றாள். அழுகை நின்றுபோன இடத்தில் பச்சரிசி நொறுங்குவது எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தி பிள்ளையின் தாடையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். தங்கையன் அந்தக் கையை விலக்கினான். மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கையில் இருந்த பிடியையும் அவள் கையில் கொட்டினான்.

"மெதுவா மென்னு தின்னு" என்றான்.