பாஸ்கா ஞாயிறன்று விழுந்த அறை

ஈஸ்டர் எனும் பாஸ்கா ஞாயிறு காலை. முத்தமிடச் சிலுவையை ஏந்திக்கொண்டு பாதிரியார் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். வியோலாந்தியும் ஊரோடு ஒத்து வாசலில் பூ தூவி வைத்திருந்தாள். கண் மட்டும் அடிக்கடி வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

காரணம் தங்கை லியோனோர். திருச்சபையின் மத விசாரணைக்காரர்கள் அவளையும் அம்மாவையும் ஒன்றாகத்தான் பிடித்துப் போனார்கள். அம்மா சிறையிலேயே செத்துப்போனாள். லியோனோர் போன மாதம் திரும்பி வந்தாள், வாய் திறக்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். இந்தக் குடும்பத்தைப் போல வெளியே கிறிஸ்தவராகவும் ரகசியமாக யூத வழியிலும் நடப்பவர் பெயர் ஒன்று கிடைத்தால் போதும், சிறைவண்டி வந்துவிடும்.

“என் பேரைச் சொன்னியாடி? சொல்லித் தொலையேன்!”

 வெளியே பாதிரியார் கூட்டத்தின் மணிச்சத்தம் நெருங்கிவிட்டது.

“என்ன வியோலாந்தி, பாஸ்காவுக்கு அப்பம் சுட்டாச்சா? புளிச்ச மாவுலதானே?” என்றார் பாதிரியார்.

“நல்லாப் புளிச்ச மாவு சாமி. உங்க தொப்பை மாதிரி உப்பியிருக்கு.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். யூதப் பாஸ்காவுக்கான புளிக்காத அப்பத்தை ஊர்க்கண் ஓய்ந்தபின், சில நாள் தள்ளித்தான் வியோலாந்தி வீட்டில் சுடுவார்கள். பாஸ்கா என்ற சொல்லே நம்முடையது என்பாள் அம்மா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து நம்மவர் தப்பிய நாளின் பெயரைத்தான் இவர்கள் தங்கள் பண்டிகைக்கு வைத்துக்கொண்டார்களாம். சொந்தச் சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டிய பிழைப்பை நினைத்து வியோலாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிலுவையை முத்தமிட்டாள். மரத்தை நான் வணங்கவில்லை, கல்லை நான் வணங்கவில்லை, எல்லாம் ஆளும் ஒருவனையே வணங்குகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மா சொல்லிக்கொடுத்தது. உதடு அசையக் கூடாது.

அடுத்தது லியோனோர். முத்தமிட்டாள், வாயைத் திறந்தாள். வந்தது அம்மாவின் குரல். அதே இழுவை, அதே கரகரப்பு.

“மரத்தை நான்…”

வியோலாந்தி ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“பைத்தியம் சாமி! மரத்தைக் கண்டாலே பேய்ங்கிறா!”

“ஐயோ பாவம், கட்டிப் போட்டு வையம்மா” என்று பாதிரியார் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

கதவைச் சாத்தித் தாழிட்டாள் வியோலாந்தி. கை இன்னும் எரிந்தது. லியோனோர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். இப்போது பேசியது அவளுடைய சொந்தக் குரல்.

“சிறையிலயும் இப்படித்தான்க்கா அடிச்சாங்க. உன்னைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உன் பேரைச் சொல்லாம இருக்க நான் அம்மாவைக் காட்டிக்கொடுத்துட்டேன்.”