குழலுக்குள் நகர்ந்த குண்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வலது கையை பைபிள் மேல் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். அச்சில் வந்தால் எழுத்தின் கோணல் தெரியாமல் போய்விடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஃபென்ஸ்கி குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை, என் தகப்பனார் நீங்கலாக. அவர் குதிரை வியாபாரி, வேறு வழியில்லை.

எங்கள் கொலராடோ மலைகளில் செப்டம்பர் பிறந்ததும், தோட்டாத் துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் எங்களைப் போன்ற பழைய பாணிக்காரர்களைக் காட்டுக்குள் விடுவார்கள். எங்கள் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் சாப்பாடு. முதலில் கரிமருந்து, அதன் மேல் குண்டு, பிறகு இடிகோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். ஒரே வெடி. தப்பினால் மறுபடியும் மருந்து, குண்டு, கோல். அதற்குள் மிருகம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும், அல்லது நம்மிடமே வந்துவிடும். அதனால் அந்த ஒற்றைக் குண்டு எதுவாக இருக்க வேண்டும் என்ற தகராறில் எங்கள் ஊரில் கல்யாணமே நின்றுபோயிருக்கிறது.

என் மனைவி ஐடெலின் அண்ணன் வெர்ல் ஹாஸ்கெட் உருண்டைக் குண்டுக் கட்சி. கோலி போன்ற ஈய உருண்டையைக் கொழுப்பு தடவிய துணியில் பொதிந்து இறக்குவார். துணி குழலை இறுகப் பிடித்துக்கொள்ளும். மானுக்கு அது தாராளமாகப் போதும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாங்கள் போவதோ எல்க்குக்கு. அதுவும் மான் சாதிதான். ஆனால் குதிரையின் உயரம், எருதின் கனம், இணைசேரும் பருவத்தில் கடன்காரனின் கோபம்.

டெல்ஃபின் க்விஸ்ட்டின் துப்பாக்கிக் கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது.

"உருண்டை எல்க்கோட தோள் எலும்புல பட்டா தகடா நசுங்கிரும் மச்சான்" என்றேன்.

"எனக்கு இதுவரைக்கும் நசுங்கினதில்ல. பக்கத்துல போய்ச் சுடணும் மாப்ளே. நீ போக மாட்டே. தூரத்துல நின்னு சுடறவனுக்குத்தான் இரும்புலாடம் மாதிரி குண்டு வேணும்."

டெல்ஃபின் நீளமான ஈயக் குண்டுகளைக் கண்ணாடி மேல் வரிசையாக நிறுத்தினாள். பிளாஸ்டிக் சட்டை போட்ட குண்டு எங்கள் மாநிலத்தில் கூடாது. முழு ஈயம்தான். அவற்றில் ஆகப் பெரியது என் கட்டைவிரல் போலத் தடித்து, பிரசங்கத்துக்கு எழுந்த பாதிரியார் மாதிரி நின்றது. பார்த்ததுமே மனசு போய்விட்டது.

"எடையப் பாக்காதீங்க அண்ணே, பொருத்தத்தப் பாருங்க" என்றாள் டெல்ஃபின். "உங்க குழல் வாயில வச்சு வெரலால அழுத்துங்க. கொஞ்சம் மல்லுக்கட்டணும். மல்லுக்கட்டாம உள்ள போச்சுன்னா அது உங்களுக்கு வேணாம்."

கையோடு கொண்டுபோயிருந்த துப்பாக்கியில் வைத்துப் பார்த்தேன். விரல் படுவதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"வெண்ணெய் மாதிரி எறங்குது" என்றேன்.

"எறங்கறது ஏறவும் செய்யும்" என்றார் வெர்ல்.

"ஏற அதுக்குக் காலா இருக்கு மச்சான்?"

டெல்ஃபின் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கடைக்காரி எத்தனை முறைதான் சொல்வாள்.

மலையேறிய காலையில் தூறல். மேலே ஏற ஏற மூடுபனியும் சேர்ந்துகொண்டது. வண்டு அரித்துச் செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள் பாதி நின்றும் பாதி விழுந்தும் கிடக்கிற காடு அது. தீப்பெட்டியைக் கொட்டியது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைகள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க வெர்ல் தன் துப்பாக்கியின் வாயில் பட்டைநாடாவை ஒட்டியிருந்தார். எனக்கு அந்தச் செலவு பிடிக்காது. மருந்தும் புதுக் குண்டும் இறக்கிய துப்பாக்கியைத் தலைகீழாகத் தோளில் மாட்டி, வாய் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டேன். மேட்டிலும் பள்ளத்திலும் அது என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

ஒரு சரிவின் விளிம்பில் வெர்ல் நின்றார். ரப்பர் குழாயை எடுத்து, ஆண் எல்க் சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில் ஊதினார். அவர் ஊதினால் எதிரி எல்க் வந்து நிற்கிறது என்று எல்க்கே நம்பிவிடும். எங்கள் ஊர்ப் பெண்களில் சிலர்கூட நம்பியிருக்கிறார்கள்.

பதில் வந்தது.

ஆணியால் தகரத்தைக் கீறுவது போல மெலிதாக எழும்பி, புல்லாங்குழல் மாதிரி நீண்டு, கிணற்றுக்குள் யாரோ இருமியது போல முடிந்தது. ஒரு வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான். ஆனால் அது தூரத்திலிருந்துதான் எப்போதும் கேட்கும். இது எங்களுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. முன்னாலா, பின்னாலா என்று பனியில் தெரியவில்லை.

"மச்சான், இனி ஊதாதீங்க" என்றேன் மெதுவாக.

"நான் இப்ப ஊதலியே" என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

காடு நின்றது. பறவை, அணில், தூறல் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பிறகு நாற்றம் வந்தது. தன் மூத்திரத்தில் தானே புரண்ட கடாவின் நாற்றம், அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சுள்ளி முறியும் ஓசை. ஓடி வருகிற மிருகம் சடசடவென்று முறிக்கும். இது ஒரு சுள்ளியை முறித்தது, நின்றது, மூச்சு விட்டது, அடுத்த சுள்ளியை முறித்தது. எங்களை எண்ணிப் பார்த்து வருகிற மாதிரி.

பனி விலகியது என்று சொல்ல மாட்டேன். அதற்கு வழி விட்டது. முதலில் கொம்புகள் மட்டும் வந்தன. தரையிலிருந்து கிளம்பிய இரண்டு மரங்கள் நடந்து வருவது போல. அவற்றில் ஒரு கிளையில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. என் தொப்பி என் தலையில் இருந்தது. வெர்லைப் பார்த்தேன். அவருடையது அவர் தலையில் இருந்தது.

"அது யாரோட தொப்பி?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுக்க வேணாம்" என்றார் வெர்ல்.

பின்வாங்கும்போதுதான் அது நடந்தது. வெர்ல் ஒரு கட்டை மேல் கால் வைத்தார், ஈரப்பட்டை உரிந்துகொண்டு போனது, அவர் இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் மல்லாக்க விழுந்தார். மேல் கட்டை உருண்டு வந்து அவர் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்தது. அவர் துப்பாக்கி கைநழுவி அந்தப் பக்கம் போனது. எல்க் இருந்த பக்கம்.

நான் பள்ளத்தில் குதித்தேன். தைரியத்தினால் அல்ல, ஒளிவதற்கு வேறு இடம் இல்லை. கட்டையை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

"வலிக்குதா மச்சான்?"

"இன்னும் இல்ல. அது என் துப்பாக்கிய மோந்து பாத்துட்டிருக்கு. சுடு மாப்ளே."

துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்து நிமிர்த்தினேன். அப்போது குழலுக்குள் ஏதோ ஒன்று, பல் தேய்க்கிற மாதிரி, லேசாக உரசியது. அவ்வளவுதான்.

என் இடிகோலில் கத்தியால் கீறிய ஒரு கோடு உண்டு. குண்டு அடியில் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு குழல் வாயோடு நிற்கும். கோலை மெதுவாக உள்ளே விட்டேன். கோடு வாய்க்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி நின்றது. தலைகீழாகத் தொங்கி, தொடையில் இடிபட்டு, குண்டு மருந்தை விட்டு முன்னால் நகர்ந்து வந்து, முன்பு சுட்டதில் குழலுக்குள் படிந்திருந்த கரியில் சிக்கி நின்றுவிட்டது.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குண்டு வெளியே போகாது. குழல்தான் பிளக்கும். எங்கள் ஊரில் லாய்ட் பெக்ஸ்ட்ராம் என்று ஒருவர் இருக்கிறார். அப்படிச் சுட்டதிலிருந்து அவர் இடது கையால் இரண்டு வரைதான் எண்ணுவார். நல்ல கண்ணைத்தான் படங்களில் காட்டுவார்.

"குண்டு ஏறிருச்சு மச்சான்" என்றேன்.

வெர்ல் கண்ணை மூடிக்கொண்டார். "காலு மொளச்சிருச்சாக்கும்" என்றார். சாகப்போகிறவருக்கு இது தேவையா என்று நினைத்தேன்.

"அழுத்து" என்றார்.

அழுத்தினேன். இறங்கவில்லை. கடையில் வெண்ணெய் மாதிரி இறங்கிய அதே குண்டு, இப்போது வேர்விட்டுக்கொண்டது. உட்கார்ந்தபடி என் பலம் போதவில்லை. எழுந்து நின்று முழு உடம்பையும் கொடுத்துக் குத்த வேண்டும். எழுந்தால் என் முகமும் அதன் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

எல்க் கட்டையின் மறுபக்கம் வந்து நின்றது. தன்னைச் சண்டைக்குக் கூப்பிட்டவன் இதற்கடியில் இருக்கிறான் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கொம்பைத் தாழ்த்திக் கட்டையில் கொடுத்து ஒரு தள்ளு தள்ளியது. கட்டை உருண்டு வெர்லின் முழங்காலுக்கு ஏறியது. அவர் என் கையைப் பிடித்தார், எலும்பு நொறுங்குகிற மாதிரி. இன்னொரு தள்ளு. தொடைக்கு வந்தது. அடுத்தது வயிறு, அதற்கடுத்தது நெஞ்சு. கணக்குத் தெரியாதவனுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

"மாப்ளே" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஐடெல்ட்ட சொல்லு..."

"என்ன சொல்ல?"

"இந்தக் குண்ட நீதான் வாங்கினேன்னு சொல்லு."

துப்பாக்கியின் அடிப்பாகத்தைத் தரையில் ஊன்றி, கோலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். என் பல் கிட்டிக்கொண்டதே தவிர குண்டு அசையவில்லை. கோலின் நுனி கட்டைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு ஆடியது. எல்க் அதைப் பார்த்தது. தலையைத் தூக்கி, சாய்த்து, இன்னொரு கொம்பு முளைக்கிறதோ என்பது போலப் பார்த்தது. அதன் மூச்சின் ஈரம் என் தலைமேல் விழுந்தது. நான் நகரவில்லை. நகர்வதற்கு உடம்பு என் பேச்சைக் கேட்டால்தானே.

பிறகு அது நெற்றியைக் கோலின் நுனியில் வைத்து, அவசரமில்லாமல், அழுத்தியது.

கோல் என் உள்ளங்கைகளுக்கு நடுவில் இறங்கியது. ஒரு விரற்கடை. இரண்டு. குழலுக்குள் ஈயம் முனகிக்கொண்டே போவது என் தாடைவரை கேட்டது. கோடு வாயோடு வந்து நின்றதும் எல்க்கும் நிறுத்திக்கொண்டது. நானே இறக்கியிருந்தால்கூட அத்தனை துல்லியமாக உட்கார்ந்திருக்காது.

கோலை உருவவேண்டும். உருவினேன். அது பார்த்துக்கொண்டே இருந்தது. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு என்ற சின்னச் செப்பு மூடியை எடுத்து வைத்தேன், முதல் கேப்பு சேற்றில் விழுந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. துப்பாக்கிக் குதிரையை ஏற்றிய கிளிக் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. தலையைத் தாழ்த்திக் கடைசித் தள்ளுக்காகப் பின்னங்கால்களை ஊன்றியது. வெர்ல் ஏதோ ஜெபம் சொன்னார், பாதியில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபமாகிவிட்டது அது. எனக்குத் தெரிந்து அதன் தோளைத்தான் குறிபார்த்தேன். கண்ணை மூடினேனா என்று கேட்காதீர்கள். விசையை அழுத்தினேன்.

மூடுபனிக்குள் கரிமருந்துப் புகையும் சேர்ந்தால் உலகமே இருப்பதில்லை. காது ரீங்கரித்தது. என் முகம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. விரல்களையும் எண்ணினேன், லாய்டைவிட அதிகம் வந்தது.

"மச்சான், இருக்கீங்களா?"

"யாரு கேக்கறது?" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

புகை மெல்லக் கலைந்தது. குண்டு எல்க்கைத் தொடக்கூட இல்லை. நேராகக் கட்டைக்குள் போயிருந்தது. வண்டு தின்ற அந்த முழு மரம் நடுவில் பிளந்து, புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. வெர்ல் நடுவில் காலை நீட்டிக்கொண்டு, மரத்தூள் பூசி, ரொட்டிக்கு உருட்டிய மாவு போல இருந்தார். கால் உடையவில்லை. வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

எல்க் சரிவில் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. எங்களையும் பார்த்தது, பிளந்த மரத்தையும் பார்த்தது. பிறகு தொப்பியோடு திரும்பிப் பனிக்குள் நடந்துபோனது. ஓடவில்லை. அது ஓடியிருந்தால் எனக்கு இன்றுவரை அந்தக் குளிர் முதுகில் இருக்காது.

வெர்லைத் தோளில் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வழிநெடுக, பின்னால் சுள்ளி முறிகிறதா என்று இருவரும் கேட்டுக்கொண்டே வந்தோம். வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"கட்டையச் சுடறதுக்கு நல்ல குண்டுதான் மாப்ளே. எல்க்குக்கு எப்படின்னு இன்னும் தெரியல."

"உருண்டையா இருந்தா அந்தக் கட்டையிலயே நின்னிருக்கும் மச்சான். நீங்களும் அடியிலயே இருந்திருப்பீங்க."

"உருண்டையா இருந்தா எடத்த விட்டு நகந்திருக்காது. நீ அத முதல்லயே சுட்டிருப்பே."

வண்டியின் சாவியைத் துவாரத்தில் நுழைக்க எனக்கு நாலு தடவை ஆயிற்று. இருவர் கையும் சேர்ந்து பிடித்த பிறகுதான் நுழைந்தது.

வலது கை இன்னும் பைபிள் மேல் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் மலையேறிய அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் முழுவதும் நான் இடுப்பெலும்பில் அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன், வெர்ல் பிற்பகல்தோறும் வந்து எனக்கு வைத்த ஜெல்லியைத் தின்றுவிட்டுப் போனார்.