முப்பத்தேழாம் எண் குதிரையின் செய்முறை

காலை ஒன்பது பத்துக்கு என் மேசைக்கு வந்த சுற்றறிக்கையில் இரண்டே உத்தரவுகள். ஒன்று: முப்பத்தேழாம் எண் குதிரையிடம் இன்றே மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு: அக்குதிரை பின்பற்றும் செய்முறையை எழுதிக் கொடுத்து, மற்ற குதிரைகளும் அதையே பின்பற்ற ஆவன செய்ய வேண்டும். இரண்டாவதை மூன்று தரம் படித்தேன். விளையாட்டில்லை, முத்திரை இருந்தது.

பாம்புக்கடி மருந்துக்கான பண்ணை எங்களுடையது. குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளை எடுக்கிறோம். அறுபது குதிரைகளுக்கும் ஒரே விஷம், ஒரே அளவு. ஆனால் மலையடிவாரத்து விரியனின் விஷத்தை முழுசாக முறிப்பது முப்பத்தேழின் ரத்தம் மட்டும்தான். லாயக்காரர் அவளைச் சிடுமூஞ்சி என்பார். அவளிடம் ரத்தம் எடுத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. நான்கு வாரம் ஓய்வு என்பது விதி. உடல் தகுதித் தாளில் கையெழுத்துப் போடுகிறவள் நான், பண்ணையின் கால்நடை மருத்துவர்.

மேலாளர் புதியவர், பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்.

"ஒரே ஊசிதானே போடறீங்க? மத்ததெல்லாம் சோம்பேறியா?"

"ஊசி போட்ட பிறகு அது யோசிச்சுக் கண்டுபிடிக்கல சார். எலும்புக்குள்ள பொறக்கிற ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகள தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கும். ஒட்டுற இடத்துல ரெண்டு எழுத்து கூடும், குறையும். இப்படிக் கோடிக்கணக்குல. முக்காவாசி எதுக்கும் பொருந்தாது. விஷம் வரும்போது பொருந்துறது மட்டும் பெருகும். இவளுக்கு நல்லாப் பொருந்திடுச்சு."

"குருட்டாம்போக்குன்னு சொல்றீங்க."

"அந்தக் குருட்டாம்போக்குலதான் சார் நீங்களும் நானும் உயிரோட இருக்கோம்."

"அத எழுதி மேல அனுப்ப முடியுமா? மூணு ஆஸ்பத்திரி மருந்து கேக்குது. கையெழுத்துப் போடுங்க."

மூன்று ஆஸ்பத்திரி கேட்பது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அவள் செத்துப்போனால் நாலாவது ஆஸ்பத்திரிக்கு எதைக் கொடுப்பார், வாளியையா?

லாயத்துக்குப் போனேன். லாயக்காரர் அவள் உதட்டை விலக்கிக் காட்டினார்.

"ஈறப் பாருங்க தங்கச்சி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ரத்தம் எவ்வளவு இருக்கு?"

"ஹீமோகுளோபின் ஏழு. பன்னெண்டாச்சும் இருக்கணும்ணே."

"மேனேஜருக்கு ஏழு இருந்தா மாடிப்படி ஏறுவாரா?"

சுவரில் தாளை வைத்து, 'தகுதி இல்லை' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். பின்னாலேயே மேலாளர் வந்து நின்றார். தாளை வாங்கிப் படித்து நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கூட்டிட்டு வாய்யா."

"என்னால முடியாது சார்," என்றார் லாயக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேலாளர் ஆணியிலிருந்த கயிற்றைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பளபளத்த காலணி சாணத்தில் பதிந்தது. சிடுமூஞ்சி காதுகளைப் பின்னால் சாய்த்தாள். கடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முன்னங்கால் நடுங்க மடங்கி, வைக்கோலில் மெதுவாகப் படுத்தாள். அவர் கயிற்றைப் பிடித்தபடி அவள் தலைக்குமேல் நின்றார். அவள் மூச்சு விடும்போதெல்லாம் அவர் காலடியில் வைக்கோல் எழுந்து எழுந்து படிந்தது.