பாதி கோர்ட்

பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவித் துடைத்துவிட்டு மார்லிஸ் வெளியே வந்தபோது, கணவன் டுவேன் வண்டியை ஓடவிட்டபடி காத்திருந்தான். இருக்கையில் அவளுடைய விளையாட்டுக் காலணிகளும் இரண்டு மட்டைகளும் கிடந்தன.

"இன்னைக்கு வேண்டாமே, டுவேன். காலையிலேருந்து நின்னு கால் மரத்துப் போச்சு."

"ஆட ஆரம்பிச்சா சரியாயிடும். நீ சும்மா நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னான். மார்லிஸ் ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அயோவாவில் ஜனவரி மாதம். சாலையின் இருபுறமும் ஒதுக்கிய பனி அழுக்கேறிக் கிடந்தது.

மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் டுவேன். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்போதுதான் ஊர் எல்லையில் மூடிக்கிடந்த பல்பொருள் அங்காடியை யாரோ, சிறு மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் பிக்கிள்பால் கூடமாக மாற்றினார்கள். ரொட்டியும் பாலும் அடுக்கியிருந்த தரையில் கோடுகள் போட்டு வலை கட்டினார்கள். டுவேன் அங்கேயே குடியேறாத குறை. அவளையும் இழுத்துக்கொண்டு போனான்.

ஆட்டத்தில் வலைக்கு இருபுறமும் தரையில் ஒரு பட்டை உண்டு. அதன் பெயரே கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. "பகல் பூரா ஒரு கிச்சன்ல நிக்கறேன், சாயங்காலம் இன்னொரு கிச்சன் வாசல்ல நிக்கறேன்" என்று மார்லிஸ் ஆரம்பத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அன்றும் எதிரே வெர்லினும் ஜோலீனும்தான். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் தம்பதி. இருவரும் பந்தை ஓங்கி அடித்து யாரும் பார்த்ததில்லை. மெதுவாக வலையருகே நடந்து வந்து அக்கம்பக்கமாக நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான். டுவேன் பின்னால் நின்று வெறியோடு அடிப்பான். அவர்கள் மட்டையை நீட்டினாலே போதும், அவனுடைய வேகமே பந்தைத் திருப்பி அனுப்பிவிடும். மார்லிஸுக்கு வரும் பந்துக்கும் "என்னுது! என்னுது!" என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்வான். அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஜோலீன் பந்தை வைப்பாள்.

தோற்றார்கள். வழியெல்லாம் டுவேன், இன்னும் கனமான மட்டை வாங்கலாமா என்று பேசிக்கொண்டே வந்தான்.

மாதக் கடைசியில் நெப்ராஸ்காவில் இருந்த அவன் அண்ணனுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. மாடுகளைப் பார்த்துக்கொள்ள டுவேன் புறப்பட்டுப் போனான். சாயங்காலமெல்லாம் படுத்துத் தூங்கலாம் என்று மார்லிஸ் நினைத்திருந்தாள். வியாழக்கிழமை ஜோலீன் கூப்பிட்டாள்.

"ஒரு ஆள் குறையுது, மார்லிஸ். வந்துடேன். ரெண்டே ஆட்டம்."

மாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல்தான் போனாள். ஜோடியாகச் சேர்ந்தவர் ஓரின், டிராக்டர் பழுது பார்ப்பவர்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டார்.

அவளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இடது" என்றாள், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

முதல் ஆட்டம் படுதோல்வி. பந்துகள் அவளைத் தேடி வந்தன. வந்ததையெல்லாம் தவறவிட்டாள். ஓரின் தன் பாதியை விட்டு நகரவில்லை.

"மன்னிச்சுக்குங்க, ஓரின்."

"எதுக்கு? உங்க பந்து, நீங்க அடிக்கிறீங்க. போகட்டும்."

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவளுக்குக் கையை ஓங்கவே முடியவில்லை. ஓரின் சர்வீஸ் போட்டார். வெர்லின் அதை ஆழமாகத் திருப்பி அனுப்பிவிட்டு வலைக்கு வந்துவிட்டார். இந்த மூன்றாவது அடியைத்தான் டுவேன் எப்போதும் வெளுத்து வாங்குவான். மார்லிஸ் பந்து எழும்பி இறங்கும் வரை விட்டுவிட்டு, தளர்ந்த கையால் கீழிருந்து சற்றே ஏந்தி விட்டாள். அது சோம்பலாக வலையைத் தாண்டி ஜோலீனின் காலடியில் கிச்சனுக்குள் விழுந்தது. ஜோலீன் குனிந்து அதை மேலே கிளப்பத்தான் முடிந்தது. ஓரின் அதை அலட்டிக்கொள்ளாமல் இருவருக்கும் நடுவில் இறக்கினார்.

"அடியே, இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றாள் ஜோலீன்.

"ஒளிக்கல. கை ஓய்ஞ்சு போச்சு, அதான்."

அடுத்த முறை வேண்டுமென்றே செய்து பார்த்தாள். பந்து வலையில் மாட்டியது. அதற்கடுத்ததும். அந்த ஆட்டமும் போயிற்று. ஆனால் அன்றிரவு படுக்கையில் கால் வலித்துக் கிடந்தபோது அந்த ஒரு பந்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒரு வாளிப் பந்தோடு தனியாகப் போனாள். மட்டையை இறுக்கிப் பிடித்தால் பந்து எகிறியது. மணிக்கட்டைச் சுழற்றினால் கண்ட இடத்துக்கும் போயிற்று. தட்டு வழியாமல் குழம்பை ஊற்றுகிற கரண்டியைப் போல, தோளிலிருந்து மெதுவாகக் கொண்டு போனால் விழுந்தது. பந்து தாழ்வாக விழுந்தால் முன்னே நடக்கலாம், உயரமாகப் போய்விட்டால் பின்னாலேயே நிற்க வேண்டும் என்பதும் இடுப்பில் பந்தால் ஓர் அடி வாங்கிய பிறகு அடுத்த வாரம் புரிந்தது. பாதிக்குப் பாதி சரியாக விழ ஆரம்பித்தது. அவளுக்கு அது போதும்.

டுவேன் திரும்பி வந்த மறுநாள், வண்டியில் போகும்போதே சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமை நான் ஓரினோட ஆடப் போறேன்."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எனக்குப் பந்தே வர மாட்டேங்குது."

"நீ களைச்சுப் போயிருக்கியேன்னுதானே ஓடி ஓடி எடுக்கறேன்!"

"தெரியும். நீ இன்னும் பனி தள்ளிக்கிட்டே இருக்க, டுவேன். ரோடு பூரா உன்னுதுன்னு. எனக்குப் பாதி வேணும். தப்பா அடிச்சாலும் நானே அடிக்கறேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத் தெம்பு வேணாமா?"

அவன் முகம் தொங்கிவிட்டது. கூடத்தின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னைக்குச் செவ்வாய்தானே?" என்றான்.

"செவ்வாய்தான். வா, ஆடலாம்."

அன்று அவன் தன் பாதிக்குள் நின்றான். நின்றான் என்பதைவிட, தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். அவள் பக்கம் பந்து வரும்போதெல்லாம் உடம்பு ஒரு முறை குலுங்கும், பிறகு அடங்கும். மார்லிஸ் பந்தை மெல்ல இறக்கினாள். சில வலையில் போயின. சில விழுந்தன. விழுந்தபோது, "வா, நட, ஓடாதே" என்று அவனையும் வலைக்குக் கூட்டிப் போனாள். வெர்லினும் ஜோலீனும் முதல் தடவையாகக் குனிந்து குனிந்து எடுத்தார்கள். கடைசி வரை சமமாகவே போயிற்று.

எதிரணி ஜெயிக்க ஒரே புள்ளி பாக்கி இருந்தபோது ஜோலீனிடமிருந்து ஒரு பந்து இருவருக்கும் சரியாக நடுவில் வந்தது. டுவேன் அசையவில்லை, மார்லிஸும் அசையவில்லை. இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பந்து இடையில் புகுந்து பின்சுவர் வரை உருண்டு போயிற்று.

"அது உன்னுதுதான்" என்றாள் மார்லிஸ்.

"இப்பச் சொல்லு!" என்றான். வெர்லின் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெஞ்சில் அவள் காலணிகளைக் கழற்றிப் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். டுவேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த மெதுப் பந்து... அதை எப்படி அடிக்கிற?"

"எட்டு மணி நேரம் சோளமும் கோழித் துண்டும் பரிமாறிட்டு வா. தானா வரும்."

"காட்டிக் குடேன், மார்லிஸ்."

"நாளைக்கு. இன்னைக்கு என்னால எழுந்திருக்க முடியாது."

அவன் காத்திருக்கவில்லை. காலியான ஓரக் கோர்ட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினான். எல்லாம் வலையிலேயே போய் விழுந்தன. தளர்த்திப் பிடி என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.