பத்துக் கரண்டி சூப்

காரின் பின்பெட்டியில் அந்த நீலப் பை இருப்பதை பிராகோ தேவாலய வாசலிலேயே பார்த்துவிட்டாள். குடையை எடுக்கத்தான் அவள் கணவன் அம்போன்சா பெட்டியைத் திறந்தான். பையில் அவளுடைய பழைய உடுப்பு இரண்டும் போர்வையும் பைபிளும் திணித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் கட்டிய பை இல்லை அது. நாத்தனார் தூஃபி கட்டிய பை. தூஃபிக்கு எதையும் மடித்து வைக்கத் தெரியாது, சுருட்டித்தான் வைப்பாள்.

அம்போன்சா மூடியைப் பட்டென்று சாத்திவிட்டு, மழை வருமா வராதா என்று வானத்தை ஆராய்ந்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பாவம், சொல்ல வேண்டிய அவசியம் வந்தபோதெல்லாம் வானத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டியவன்.

பை எங்கே போகிறதென்று பிராகோவுக்குத் தெரியும். இரண்டு வாரமாக தூஃபியின் வாயில் அந்த ஒரு பேச்சுதான். மாம்போங் சாலையில் காட்டுக்குள் ஒரு ஜெபக்கூடாரம் இருக்கிறது. எந்த வியாதியோடு போனாலும் அங்கே ஒரே மருந்துதான்: மூன்று நாள் சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது. ராப்பகலாக ஜெபம். எழுந்து ஓடப் பார்த்தால் பிடித்து உட்கார வைக்க ஆட்கள் உண்டு.

பிராகோ உயிரோடு இருப்பதே கைப்பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலால்தான். ஏழு வாரத்துக்கு முன், துணி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு தலைநகர் அக்ராவுக்குப் போய், உடம்பு இளைப்பதற்காக இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கச் செய்து வந்திருந்தாள். மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் அளவு. அதில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் ஊற்ற முடியாது. நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஒரு நாள் தண்ணி இல்லைன்னா இங்க வந்து படுக்கணும். மூணு நாள்னா நான் எதுக்கும் பொறுப்பில்லை" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கு மூணு பேரும் ஃப்ரெமா கடையில சாப்பிடுறோம்" என்றான் அம்போன்சா, காரைக் கிளப்பிக்கொண்டே.

"நீங்க வீட்டுக்குப் போங்களேன். நான் வழக்கம்போல தனியா சாப்பிட்டு வந்துடுறேன்."

"தனியா இல்லை. ஒரே சட்டியில."

முன்னிருக்கையில் இருந்த தூஃபி திரும்பிப் பார்த்தாள். "ஊரே கேக்குதுடி. துணிக்கடை பிராகோ ஏன் இப்படி உருகிட்டாங்குது. நீ நடந்தா எலும்பு சத்தம் கேக்குது. எங்க வீட்டுல சோறு போடலைன்னு நினைப்பானா, இல்ல உனக்கு வரக்கூடாத நோவு வந்துடுச்சுன்னு நினைப்பானா? எது நினைச்சாலும் மானம் போறது என் தம்பிக்கு."

"அக்கா, சும்மா இரு" என்றான் அம்போன்சா. அப்புறம் கண்ணாடியில் பிராகோவைப் பார்த்தான். "நீ என் கண்ணு முன்னாடி ஒழுங்கா சாப்பிடு. உனக்கு ஒண்ணுமில்லைன்னு நான் நம்பிக்கிறேன். சாப்பிடலைன்னா நேரா ஜெபக்கூடாரம்தான். எனக்கு வேற வழி தெரியல பிராகோ."

அவன் குரலில் மிரட்டல் இல்லை, பயம் இருந்தது. 

உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். நான்கு வருஷத்துக்கு முன் அம்போன்சாவின் தங்கை கர்ப்பப்பை நார்க்கட்டி அறுவை சிகிச்சைக்குப் போய், மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்தன்று சவப்பெட்டி மேல் பிராகோவின் கையை வைத்து, "கத்திக்குப் போக மாட்டேன்னு சொல்லு" என்று அவன் சத்தியம் வாங்கினான். அவளும் சொன்னாள். ஆனால் அவளுடைய அம்மா நாற்பத்தொன்பது வயதில் பக்கவாதத்தில் விழுந்து செத்தவள். பிராகோவுக்கு நாற்பத்தேழு. பருத்த உடம்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மாடிப்படி ஏற முடியாத முழங்கால். இரண்டு சாவுக்கு நடுவில் நின்று, அவள் சத்தியத்தை மீறினாள். ஏழு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுகிறாள். தெரிந்தால் அவன் உடைந்துபோவான் என்றும் பயம், விட்டுவிட்டுப் போவான் என்றும் பயம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஃப்ரெமா. பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. அதே ஊரில் பான்டாமா பகுதியில் ஃபூஃபூவும் சூப்பும் விற்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கடையில் கறி, மீன், கரண்டி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அக்ராவுக்குக் கூடவே வந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான்கு ராத்திரி படுத்துக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் பிராகோவின் திருவிழா அந்தக் கடையில்தான். ஃப்ரெமா அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன பழுப்புச் சட்டி வைத்திருந்தாள். குழந்தைகளின் சொப்புச் சட்டி போலிருக்கும். அதில் வடிகட்டிய ஆட்டுச் சூப்பு, போகப் போக உதிர்த்த மீன். தேக்கரண்டியால் பத்துக் கரண்டி. அரைமணி நேரம். முன்பெல்லாம் பெரிய சட்டியை வழித்து நக்கியவளுக்கு அந்த ருசி தெரிந்ததில்லை. இஞ்சி ஒரு கரண்டியில், தக்காளி ஒரு கரண்டியில், புகைத்த மீன் ஒரு கரண்டியில் என்று தனித்தனியாக வந்து உட்காரும். நாலாவது கரண்டியில் அவளுக்குக் கண் கலங்கும். "அழுதுக்கிட்டே சாப்பிடுறவளை வெளிய உக்கார வச்சா என் வியாபாரம் என்ன ஆகும்" என்று ஃப்ரெமா அவளை உள்ளே உட்கார வைத்து, உதட்டைத் துடைத்துவிடுவாள்.

அந்தக் கடை வாசலில் இப்போது கார் நின்றது.

பின்கட்டில் உலக்கை விழும் சத்தம் தெருவரை கேட்டது. ஃபூஃபூவுக்காக அவித்த மரவள்ளியும் வாழைக்காயும் உரலில் மசிந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெள்ளையும் நீலமுமாகத் தேவாலய உடுப்பில் முப்பது நாற்பது பேர், குனிந்த தலை நிமிராமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பிராகோவைப் பார்த்ததும் ஃப்ரெமாவின் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த இருவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"ஒரே சட்டி" என்றாள் தூஃபி. "ஆட்டுக்கறி. ஃபூஃபூ ரெண்டு உருண்டை, பெருசா."

"பிராகோவுக்கு நான் தனியா ஏதாவது..."

"ஏன் தனியா? புருஷன் கை பட்டா கசக்குமா?"

ஃப்ரெமா பிராகோவைப் பார்த்தாள். பிராகோ லேசாகத் தலையசைத்தாள், சொல்லாதே என்று. சட்டி வந்தது. சிவந்த சூப்பில் இரண்டு உருண்டைகளும் பளபளவென்று மிதந்தன. கை கழுவினார்கள். அம்போன்சா ஜெபம் சொன்னான், வழக்கத்தை விட நீளமாக.

ஃபூஃபூவை மெல்லக் கூடாது. நம்மூர்க் களியைப் போல, கிள்ளி, சூப்பில் தோய்த்து, அப்படியே உள்ளே இறக்க வேண்டும். மென்றால் அவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் கைக்குழந்தை. டாக்டரம்மாவோ எது வாய்க்குள் போனாலும் முப்பது தடவை மெல்லச் சொல்லியிருந்தாள். ஃபூஃபூவின் பக்கமே போகாதே என்றும் சொல்லியிருந்தாள்.

பிராகோ பட்டாணி அளவுக்குக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டு ரகசியமாக மென்றாள்.

"பாருங்கய்யா" என்றாள் தூஃபி, பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி. "ஃபூஃபூவை மெல்லுறா. ஏண்டி, பால்பல்லு முளைக்குதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்போன்சா சிரிக்கவில்லை. அவன் தன் கையால் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி, சூப்பில் நன்றாகத் தோய்த்து, அவள் வாயருகே நீட்டினான்.  சூப்பு அவன் வெள்ளைச் சட்டைக் கையில் சொட்டியது.

"எனக்காக" என்றான்.

காருக்குள் நீலப் பை காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். விழுங்கினாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அவன் முகத்தில் நிம்மதி பரவுவதைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் இருந்தது. அப்புறம் நெஞ்சுக்குழியில் யாரோ முஷ்டியை வைத்து அழுத்தினார்கள். உருண்டை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கப் போனால் அதற்கும் வழியில்லை. ஊறிக்கொண்டே இருந்தது. கொழகொழவென்று, வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு கடைவாயில் வழிந்தது.

தூஃபி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நுரை தள்ளுது. விஷம். யாரோ விஷம் வச்சுட்டாங்க."

பின்கட்டில் உலக்கைச் சத்தம் நின்றது. ஒரு கடையில் அந்தச் சொல் விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. எல்லாக் கையும் சட்டியை விட்டு விலகின. ஒருவன் ஓடிப்போய், தின்றதை வாந்தியெடுக்கத் தன் வாய்க்குள் விரலை விட்டான். விஷத்துக்குப் பனை எண்ணெய் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். யாரோ அடுப்படியிலிருந்து சிவப்பு எண்ணெயைக் கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டு வந்து அம்போன்சாவிடம் கொடுத்தார்கள். அவன் ஒரு கையால் பிராகோவின் தாடையைப் பிடித்து, கோப்பையை உதட்டில் வைத்தான். பிராகோ தலையைத் திருப்பினாள். பேச முயன்றாள். நுரைதான் வந்தது.

"ஊத்தாதீங்க அண்ணே" என்று ஃப்ரெமா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "அவ வயித்துல அவ்வளவுக்கு இடம் கிடையாது."

"அவ வயித்துல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தூஃபி.

நல்ல கேள்வி என்றுதான் எல்லோருக்கும் பட்டது. ஒரு பெண் மெல்ல ஆரம்பித்தாள். "வாராவாரம் இவளை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போவா. தனிச் சட்டியில குடுப்பா. நானே பாத்தேன்."

"அதுக்கப்புறம்தான் இவ உருக ஆரம்பிச்சா" என்றான் இன்னொருவன்.

சின்னச் சட்டியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறிப் போனது, ஆளாளுக்கு முகர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் ஃப்ரெமாவின் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். தூஃபி அறைந்த அறையில் அவள் தலைத்துணி அவிழ்ந்து பக்கத்து மேஜைச் சூப்பில் விழுந்தது. ஃப்ரெமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் பிராகோவைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிராகோவுக்கு அவள் கொடுத்த வாக்கு அப்படி. உலக்கையோடு வந்திருந்த ஆள் அவளுக்குப் பின்னால் நின்றான், அவளிடம் சம்பளம் வாங்குகிறவன்தான், ஆனால் அவன் எந்தப் பக்கம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பிராகோ கோப்பையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் அம்போன்சாவின் சட்டையெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. அவள் எழுந்து நின்று, தேவாலயத்துக்குப் போட்டிருந்த அந்த வெள்ளை ரவிக்கையை இரண்டு கையாலும் மார்புவரை தூக்கினாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால்.

ஐந்து தழும்புகள். ஒன்று கட்டைவிரல் நீளம், மற்றவை நகம் அளவு. இன்னும் கருமை மாறாதவை.

முதலில் அவற்றைப் புரிந்துகொண்டவன் அம்போன்சாதான். தொட வந்த விரல் பாதியில் நின்றது. அப்போது பிராகோவுக்குக் குமட்டி, உருண்டை முழுசாக, விழுங்கியபடியே தரையில் வந்து விழுந்தது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எப்போ?" என்றான்.

"ஏழு வாரம். இரைப்பையில. யாரும் எனக்கு விஷம் வைக்கல. அவளை விடச் சொல்லுங்க."

 பிடித்திருந்தவர்கள் தாங்களே விட்டுவிட்டார்கள்.

"ஆபரேஷனுக்கு வீட்டு ஆளு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமே. யார் போட்டா?" என்றான் அம்போன்சா.

"நானேதான்..." என்று பிராகோ தொடங்கினாள்.

"நான் போட்டேன் அண்ணே" என்றாள் ஃப்ரெமா. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. "அக்கான்னு எழுதிப் போட்டேன்."

அம்போன்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் பிராகோ நினைத்தாள்.

"கை நடுங்கலையா உனக்கு?"

"நடுங்கிச்சு. ரெண்டு தாள் கிழிஞ்சுபோச்சு."

"எனக்கு நடுங்கல" என்றான் அவன். "என் தங்கச்சிக்கு நான்தான் போட்டேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது. பேனாவை வாங்கி, படிக்காம, சிரிச்சுக்கிட்டே போட்டேன்."

தூஃபி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குள் கடை காலியாகிக்கொண்டிருந்தது. பாதி தின்ற சட்டிகள் அப்படியப்படியே கிடந்தன. தழும்பைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் காதில் விழுந்தது விஷம் என்ற அந்த ஒரு சொல் மட்டும். அது பான்டாமா முழுக்கப் போய்ச் சேர மாலை வரை ஆகாது. ஃப்ரெமா காலி நாற்காலிகளைப் பார்த்தாள். அவள் அழவில்லை, பிராகோதான் அழுதாள். தன்னால் வந்தது இது என்று அவளுக்குத் தெரியும்.

அம்போன்சா குனிந்து, யாரோ தரையில் போட்டுவிட்டுப் போன சின்னச் சட்டியை எடுத்தான். கழுவி, ஃப்ரெமாவிடம் நீட்டினான்.

"இதுல எவ்வளவு குடுப்பே?"

"பத்துக் கரண்டி."

"குடு."

பிறகு அவன் பெரிய சட்டியோடு ஒரு மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். எண்ணெய் வழியும் சட்டையோடு, ஒரு கவளம் கிள்ளி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கி, விழுங்கினான். இன்னொன்று. இன்னொன்று. பிராகோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கரண்டிச் சூப்பை நாக்கில் வைத்தாள். நெஞ்சு வலித்தது. இஞ்சி தெரிந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நின்றது. தூறல் போட ஆரம்பித்தும் யாரும் கலையவில்லை. விஷம் ஏறி அவன் எப்போது விழுவான் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.